புதுப்பிப்பு: தற்காலிக அட்டவணையில் பழைய நெடுவரிசைகள் வந்ததன் காரணம்

எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் மூல அட்டவணைக்குப் புதிய நெடுவரிசை சேர்த்த பிறகும், ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்து இயக்கும் கட்டளைத் தொகுப்பு) தற்காலிக அட்டவணை வழியாகப் பழைய நெடுவரிசைகளையே தருகிறது என்று கேட்டிருந்தேன். தற்காலிக அட்டவணை மீது குற்றமில்லை. அதை நிரப்பும் வினவல் ஒரு வியூவிலிருந்து (அட்டவணை போலப் பயன்படும், சேமித்து வைத்த வினவல்) தரவை எடுக்கிறது. அந்த வியூ, நெடுவரிசைகளின் பெயர் இல்லாமல் ‘எல்லா நெடுவரிசைகளும்’ என்று பொருள்படும் வெறும் நட்சத்திரக் குறியோடு எழுதப்பட்டது. வியூவை உருவாக்கிய நேரத்து நெடுவரிசைப் பட்டியலே அதில் நிலைத்துவிடுகிறது. புரொசீஜரை மறுதொகுப்புச் செய்தும் பலனில்லாமல் போனது இதனால்தான். வியூவின் நெடுவரிசைப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஸ்பி_ரெஃப்ரெஷ்வியூ கட்டளையை இயக்கியதும் சரியாகிவிட்டது.

என்னைக் கலங்க வைத்தது வேறு: மூலத்தில் ஒரு நெடுவரிசையை நீக்கி இன்னொன்றைச் சேர்த்தால், பிழைச்செய்தி ஏதுமின்றி ஒன்றின் மதிப்பு மற்றதன் பெயரில் வரக்கூடும். சம்பளப் பட்டியலில் இப்படி நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பது? வியூவில் பெயர்களை முழுதாக எழுதி, அதை மூல அட்டவணையின் அமைப்போடு பிணைக்கும் ஸ்கீமாபைண்டிங்கும் சேர்த்துவிட்டேன். அது நட்சத்திரக் குறியை அனுமதிப்பதேயில்லை.