மலேசியா, பினாங்கு: பிறை தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் ஒரு 14 விநாடி கிளிப்

விக்கி: [வீடியோ 0:14]

விக்கி: 🤣🤣 பாருங்க லா. "அடுத்த முதலமைச்சர்"னு எதிரணிக்காரர் பேரையே சொல்றாரு

கலா அக்கா (அட்மின்): யாரு தம்பி இவரு? எந்தத் தொகுதி, எந்த வருசம்?

விக்கி: தெரியலக்கா. வேற குரூப்ல வந்துச்சு. பல தடவை ஃபார்வர்ட் ஆனதுன்னு காட்டுது

ரவி மாமா: ஆளு முடிஞ்சாரு. டெபாசிட் காலி.

நாதன் ஐயா: அவ்வளவு சுலபமாக முடியாது ரவி. 2018 மார்ச் 27, கர்நாடகாவில் தாவணகெரே. ஊழலில் போட்டி வைத்தால் எடியூரப்பா அரசுக்குத்தான் முதலிடம் என்று சொந்தக் கட்சிக்காரரையே நிருபர்கள் முன்னால் சொல்லிவிட்டார் பாஜகவின் அமித் ஷா. எடியூரப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! காங்கிரஸ் முதல்வர் சித்தராமையா என்று சொல்ல வந்தவர். பாஜக எம்.பி. பிரகலாத் ஜோஷி காதில் கிசுகிசுத்ததும் திருத்திக்கொண்டார். காங்கிரஸ்காரர்கள் அந்த வீடியோவை ஊரெல்லாம் ஓட்டினார்கள். மே மாதம் எண்ணிப் பார்த்தால் 104 இடத்தோடு பாஜகதான் தனிப்பெரும் கட்சி.

ரவி மாமா: மாம்பழத்துக்குப் பதிலா ஆப்பிளுக்கு ஓட்டுக் கேட்டாரே ஒருத்தர் 😂

தேவி: திண்டுக்கல் சீனிவாசன், 2019. கூட்டணிக் கட்சி பாமக சின்னம் மாம்பழம், வாயில வந்தது ஆப்பிள். எடப்பாடி கம்பராமாயணத்தை சேக்கிழார் கணக்குல எழுதினாரு. ஸ்டாலின் "பூனை மேல் மதில்"னாரு. மீம்ஸ் போடுறவங்களுக்கு மாசக்கணக்குல தீனி. ஆனா 2021ல ஸ்டாலின் முதலமைச்சர் ஆனதை எந்தப் பூனையும் தடுக்கல

கலா அக்கா: பேரு மாறுறதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுல அம்மா கடைக்குட்டியக் கூப்பிட நாலு பிள்ளைங்க பேரையும் வரிசையா சொல்வாங்களே, அதேதான். அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே வகையில வச்சிருக்கிற பேருங்கதான் ஒண்ணுக்கொண்ணு மாறுது. பிள்ளைங்க பேரு பிள்ளைங்களோட, கூட்டாளி பேரு கூட்டாளியோட. வேட்பாளர் மண்டையில "தலைவர்கள்"னு ஒரே டப்பா. சொந்தத் தலைவரும் எதிரணித் தலைவரும் அதுலதான் கிடக்குறாங்க. பக்கத்துப் பேரு கையில வந்துடுது

ரவி மாமா: அப்ப பைடன் மட்டும் ஏன் மாட்டினாரு? அவரும் பேருதானே மாத்தினாரு

நாதன் ஐயா: நல்ல கேள்வி. 2024 ஜூலை 11, வாஷிங்டன் நேட்டோ மாநாடு. செலன்ஸ்கியை மேடைக்கு அழைக்கும்போது அதிபர் புதின் என்றார். உடனே திருத்தினார். அன்று மாலை நிருபர் கூட்டத்தில் கமலா ஹாரிஸைத் துணை அதிபர் டிரம்ப் ஆக்கினார். அமித் ஷா செய்ததும் இதே வகைதான். வித்தியாசம், டிரம்புடன் நடந்த ஜூன் 27 விவாதத்தைப் பார்த்த பிறகு பைடனுடைய வயதைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஜனங்கள் மனசில் ஏற்கெனவே உள்ள சந்தேகத்துக்கு ஒரு வாய்த்தவறு சாட்சி சொன்னால் செய்தி ஆசிரியர் அதை முதல் பக்கத்துக்கு ஏற்றுவார். சாட்சி சொல்லாவிட்டால் ஏழாம் பக்கத்துத் துணுக்கு. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார்.

மணி அண்ணே: நீங்க எல்லாரும் வாயையே பேசுறீங்க. மைக்கைப் பத்தி யாரும் பேசல

மணி அண்ணே: அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டி போட்ட ஹோவர்ட் டீன் கத்தினதா சொல்வாங்களே. 2004 ஜனவரி 19, அயோவா. உள்ளுக்குள்ள ஆயிரக்கணக்கான ஆதரவாளருங்க, காதைக் கிழிக்கிற சத்தம். அந்தாளு அதுக்கு மேல கேக்கணும்னு குரலை உசத்துறாரு. கையில பிடிச்சிருந்தது வாய்க்கு நேரா வர்ற சத்தத்தை மட்டும் எடுக்கிற மைக். டிவிக்குப் போனது அந்த மைக்கோட லைன். கூட்டத்துச் சத்தம் வடிகட்டிப் போச்சு. வீட்டுல பாத்தவனுக்கு அமைதியான மண்டபத்துல ஒருத்தன் வெறி பிடிச்சுக் கத்துறாப்புல இருந்துச்சு. உள்ள நின்னவங்களுக்கு அது பெரிசாவே தெரியல

விக்கி: சீரியஸ்லா?

மணி அண்ணே: கணக்கு இதுதான். மைக்குல இருந்து தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். வாய் 1 இஞ்சுல, கூட்டம் 20 அடியில. அதுக்கு மேல அந்த மைக் பின்னாடி, பக்கவாட்டுல வர்றதை வேற தள்ளிவிடும். செராமாவுல (அரசியல் கூட்டத்துல) நிருபருங்க சவுண்ட் மிக்சர்ல இருந்து லைன் எடுத்தா இதே கதைதான். கூட்டத்தைப் பாத்த மாதிரி தனியா ஒரு மைக் வச்சு வேற சேனல்ல விடணும். மேடை சத்தம் ஒரு டிராக், கூட்டம் ஒரு டிராக், ரெண்டையும் மிக்சர்லயே ரெக்கார்ட் பண்ணி வச்சா நாளைக்குக் கேள்வி வந்தா கையில ஆதாரம் இருக்கும்

தேவி: நாலு நாள்ல 633 தடவை போட்டாங்கன்னு கணக்கு. கேபிளும் தேசிய சேனலும் சேத்து. அப்புறம் கூட்டத்துக்குள்ள இருந்து எடுத்த படத்தை ஏபிசி சேனல் போட்டுக் காட்டுச்சு, அளவுக்கு மீறி ஓட்டிட்டோம்னு சேனல்காரங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள ஆளு போயாச்சு

நாதன் ஐயா: ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு அவர் மூன்றாம் இடம். சக போட்டியாளர்கள் கெர்ரியும் எட்வர்ட்ஸும் முந்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கத்தினார்! கத்தியதால் தோற்றார் என்று எழுதுவது எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கு வசதி. 3 விநாடி ஒலிக்கு விளக்கம் வேண்டாம். அயோவாவில் ஆதரவு எப்படிக் கரைந்தது என்று எழுதப் பத்துப் பத்தி வேண்டும்.

மணி அண்ணே: சட்டையில மாட்டுற மைக் அதைவிட ஆபத்து. அப்ப பிரிட்டன் பிரதமர், லேபர் கட்சி கோர்டன் பிரவுன், 2010 ஏப்ரல் 28, ராச்டேல். டிவிக்காரன் மைக்கைக் கழட்டாம கார்ல ஏறி, தெருவுல பேசின அம்மாவைத் திட்டினாரு. அத்தனையும் பதிவாச்சு. மியூட் பட்டனை நம்பாதீங்க, பல டிரான்ஸ்மிட்டர்ல லைட்டைப் பாத்தா மியூட்ல இருக்கா ஆன்ல இருக்கான்னே தெரியாது. கிளிப்பைக் கழட்டி, பெட்டியை இடுப்புல இருந்து எடுத்து, சவுண்ட்மேன் கையில குடுத்துட்டுத்தான் வாயைத் திறக்கணும்

நாதன் ஐயா: அந்த ராச்டேல் தொகுதியிலேயே லேபர் கட்சி 889 ஓட்டில் ஜெயித்தது தெரியுமா? நாடு முழுக்க அவர் தோற்றார், அந்தத் தெரு இருந்த தொகுதியில் அவர் கட்சி ஜெயித்தது.

ரவி மாமா: 😮

சரவணன்: ஐயா ஒரு கேள்வி. வேட்பாளர் இப்படி வாய் தவறிட்டா முதல் ஒரு மணி நேரத்துல அவரு ஆளுங்க என்ன செய்யணும்?

நாதன் ஐயா: முதலில் சொந்தப் பதிவைக் கேட்டு, பேசிய வாக்கியத்தை அப்படியே எழுத்தில் எடு. எத்தனையாவது நிமிடம் என்று குறி. அதற்கு முன் "திரித்துவிட்டார்கள்" என்று அறிக்கை விடாதே. முழு வீடியோ வந்து பொய்யாக்கிவிட்டால் வாய்த்தவறு போய்ப் பொய்யாகிவிடும். பிறகு வகை பார். பெயர், எண், தொகுதி மாறியதா? அதே மேடையில் திருத்து, சிரித்துவிட்டுப் போ. விவரம் தெரியாமல் விழித்தாரா? அன்று மாலைக்குள் ஒத்துக்கொள். ஒரு கூட்டத்தாரைப் புண்படுத்தினாரா? அது வாய்த்தவறே இல்லை, மன்னிப்புதான், "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்ற வால் இல்லாமல்.

நாதன் ஐயா: திருத்தும்போது தப்பான வாக்கியத்தை மறுபடி சொல்லாதே. சரியானதை முதலில் சொல், அதையே இன்னொரு முறை சொல். இல்லாவிட்டால் மறுப்பு அறிக்கையே இரண்டாவது கிளிப்புக்கு ஒலி கொடுத்துவிடும்.

தேவி: ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். 2022 ஏப்ரல் 11, பிரசாரத்தோட முதல் நாளே அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அல்பனீசிகிட்ட ரிசர்வ் வங்கி வட்டி விகிதம் எவ்வளவு, வேலையின்மை எவ்வளவுன்னு கேட்டாங்க. வட்டி 0.1 சதவீதம், தெரியல. வேலையின்மைக்கு 5.4னு சொன்னாரு, அப்ப 4தான். அன்னைக்கே தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாரு. மே 21 ஜெயிச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு பசுமைக் கட்சி ஆடம் பாண்ட்கிட்ட அதே மாதிரி ஒரு எண்ணைக் கேட்டாங்க. "கூகுள் பண்ணுங்க"ன்னாரு. கைதட்டு அவருக்கு

கலா அக்கா: அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கல. மனப்பாடச் சோதனை. வட்டி ஏறினா வீட்டுக்கடன் கட்டுறவனுக்கு என்ன செய்வேன்னு கேளு

நாதன் ஐயா: பாதி சரி. அரிசி விலை தெரியாதவர் அரிசி விலையைப் பற்றி வாக்குறுதி தந்தால் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆக முயன்ற ரிக் பெர்ரியை எடுங்கள், 2011 நவம்பர் 9 விவாதம். மூன்று அமைச்சகங்களை மூடுவேன் என்று தானே சொல்லி, மூன்றாவது பெயர் வராமல் திணறி "ஊப்ஸ்" என்றார். மறந்தது எரிசக்தி. கேள்வி கேட்டவர் பிடித்த பொறி இல்லை அது, அவரே சொன்ன கொள்கை. அதைக் காட்டியது நியாயமான செய்தி.

ரவி மாமா: பொறவு டிரம்ப் அவரையே எரிசக்தி மந்திரி ஆக்கினாரு 🤣

நாதன் ஐயா: ஊடகம் எப்படி எடையைக் கூட்டுகிறது என்பதற்கு அமெரிக்க அதிபர் ஃபோர்டைத்தான் சொல்வேன். 1976 அக்டோபர் 6 விவாதம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார். கேள்வி கேட்ட நிருபர் மேக்ஸ் ஃபிராங்கலே நம்ப முடியாமல் மறுபடி கேட்டார், இவர் பிடியை விடவில்லை. அன்றிரவே போன் போட்டுக் கேட்டபோது பார்த்தவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மறுநாள் முழுக்க டிவியும் பேப்பரும் அதையே போட்டதும், எதிர் வேட்பாளர் கார்ட்டர்தான் விவாதத்தில் ஜெயித்தார் என்று ஜனங்கள் சொன்னார்கள். ஃபோர்டும் சில நாள் திருத்தாமல் இழுத்தார். பத்திரிகை பாதி, பிடிவாதம் பாதி.

சரவணன்: முன்கூட்டியே தடுக்க வழி?

கலா அக்கா: ராத்திரி மூணாவது செராமாவுலதான் அதிகம் தவறும். தூக்கம் கெட்டு, தமிழ்ல ஆரம்பிச்சு மலாய்க்குத் தாவி ஆங்கிலத்துல முடிக்கும்போது எண்ணுங்கதான் முதல்ல உதிரும். உள்ளங்கை அளவு அட்டையில அஞ்சே அஞ்சு எண், பெரிய எழுத்துல. 4,873ன்னு வேணாம், ஏறக்குறைய 4,900. தொகுதிப் பேரைத் தனியா எழுதுங்க. பட்டர்வொர்த்துல நின்னு பேசினாலும் நாடாளுமன்றத் தொகுதி பேரு பாகான். பிறை சட்டமன்றம், ஆனா நாடாளுமன்றத்துக்கு பத்து காவான். வெளியூர்ல இருந்து வர்ற தலைவருங்க இதுல கட்டாயம் சறுக்குவாங்க

ரவி மாமா: கினோவா மாதிரி வந்தா என்ன அட்டை எழுதுவீங்க? 2018 ஜனவரியில அப்ப பிரதமரா இருந்த நஜிப் சோறு வேணாம், கினோவா (விலை கூடின தானியம்) சாப்பிடுறேன்னாரே

தேவி: அதுல தப்பான தகவலே இல்ல மாமா. உண்மையைத்தான் சொன்னாரு. விலைவாசி ஏறிக் கிடந்த நேரம், அதான் ஒட்டிக்கிச்சு. அட்டை காப்பாத்தாது

ரவி மாமா: சரி, நம்ம ஊர் ஊடகம் எப்படி?

நாதன் ஐயா: நம்ம பக்கத்திலேயே நடந்தது. 2008 ஆகஸ்ட், பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல். 23ஆம் தேதி பிரசாரத்தில் ஆளுங்கட்சி அம்னோவின் புக்கிட் பெண்டேரா தொகுதித் தலைவர் அகமட் இஸ்மாயில், சீனர்கள் இங்கே வந்து ஒண்டியவர்கள் என்ற பொருளில் பேசினார். சீன நாளிதழ் சின் சியூவின் நிருபர் தான் ஹூன் செங் அதை எழுதினார். பேசியவரைக் கட்சி மூன்றாண்டு இடைநீக்கம் செய்தது. எழுதியவரை செப்டம்பர் 12 அன்று ஐஎஸ்ஏவில் (விசாரணையில்லாமல் காவலில் வைக்க அப்போது இருந்த சட்டம்) பிடித்தார்கள்! மறுநாள் விட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்று உள்துறை அமைச்சர் விளக்கம் சொன்னார். சட்டத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ஸைட் இப்ராஹிம் பதவியை விட்டார்.

கலா அக்கா: இதையும் பூனை மதிலையும் ஒரே "உளறல்" தலைப்புல போடுற பேப்பரை என்ன சொல்றது

நாதன் ஐயா: சொம்பேறித்தனம் என்று சொல்லலாம். ஒன்று நாக்கு செய்தது, மற்றது ஆள் நினைத்தது. மேசையில் ஒரே சோதனை வைத்தால் போதும். இதையே எதிர்க்கட்சிக்காரர் சொல்லியிருந்தால் இதே அளவில், இதே பக்கத்தில் போடுவேனா?

விக்கி: சொம்பேறியா ஐயா 😂😂

நாதன் ஐயா: சோம்பேறி. விரல் தவறு. பரபரப்புச் செய்தி போட்டுக்கொள்.

தேவி: விக்கி கிளிப்பை இப்பதான் ஹெட்ஃபோன்ல கேட்டேன். 9ஆவது விநாடியில பின்னாடி ஓடுற ஜெனரேட்டர் சத்தம் பட்டுன்னு அறுந்து வேற மாதிரி கேக்குது. தலையும் ஒரு இஞ்ச் நகருது. அங்க வெட்டி ஒட்டியிருக்கு. உடனே திருத்தினாரா இல்லையான்னு தெரியவிடாம வெட்டியிருக்கலாம்

விக்கி: எப்படி லா கண்டுபிடிக்கிறீங்க

தேவி: வேகத்தைப் பாதியாக்கிக் கேளு. பேச்சு மாறினாலும் ஃபேன், ஜெனரேட்டர் சத்தம் மாறக்கூடாது. வாக்கியத்துக்கு நடுவுல ஆரம்பிக்குதா பாரு. கீழ ஓடுற மலாய் எழுத்தும் வாயும் ஒத்துப்போகுதா பாரு. முகம் தெளிவா இருக்கிற இடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடு. கட்சி ஃபேஸ்புக் பக்கத்துல முழு லைவ் கிடந்தா முன்னாடி ரெண்டு நிமிசம், பின்னாடி ரெண்டு நிமிசம் கேளு. செபெனார்ஞாங்கிற அரசாங்க உண்மை சரிபார்ப்புத் தளத்துலயும் தேடலாம், ஆனா எல்லா கிளிப்பும் அங்க இருக்காது

தேவி: இன்னொண்ணு. பின்னாடி பேனரைப் பெரிசாக்கிப் பாருங்க. பக்காத்தான் ராக்யாட்னு இருக்கு. அந்தக் கூட்டணி 2015லயே கலைஞ்சிருச்சு

விக்கி: அப்ப பத்து வருசத்துக்கு மேல பழசா?? நான் இந்தத் தேர்தல்னு நினைச்சேன்

கலா அக்கா: அட்மின் உரிமையில இங்க நீக்குறேன். வந்த குரூப்லயும் போய் சொல்லு தம்பி. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தோட 233ஆவது பிரிவு ஃபார்வர்ட் பண்றவனையும் விடாது

விக்கி: அங்க 212 பேரு க்கா. அட்மின் தூங்கியிருப்பாரு

ரவி மாமா: எழுப்பு.