வெறுங்காலோடு தைப்பூச நடை: நடந்தவர்கள் சொல்வது

கோலாலம்பூரிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு முதல் முறை நடக்கிறவர்களுக்கு. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முருகனின் வெள்ளி ரதத்தை ஒட்டியே போனால் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். அர்ச்சனைக்காக அடிக்கடி நிற்கும். முன்னால் போய்விடுங்கள். பாதத்தைக் கெடுப்பது தூரமில்லை, ஈரம். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ஊறின தோல் தாரில் உரசினால் கொப்புளம்தான். இடுப்பில் சின்னத் துண்டு ஒன்று செருகிக்கொண்டு, நிற்கும்போதெல்லாம் விரலிடுக்கைத் துடையுங்கள். பாதத்தில் எண்ணெய் வேண்டாம், பத்துமலையின் 272 படியில் வழுக்கும். பகலில் தார் சுட்டால் வெள்ளைக் கோட்டின்மேல் நடக்கலாம், சூடு குறைவு. ஆனால் நனைந்த கோடும் வழுக்கும்.

*

அண்ணன் சொன்னது சரி. பால்குடக்காரர்களுக்கு என் பங்கு: கோலாலம்பூரிலேயே பாலை ஊற்றிக்கொண்டு நடக்காதீர்கள், விடிவதற்குள் திரிந்துவிடும். சுங்கை பத்து ஆற்றங்கரையில் குளித்தபின் ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் பாலே இரண்டு கிலோவைத் தாண்டும், பித்தளைக் குடம் தனி. பாலைக் குடத்தின் கழுத்துக்குக் கீழே நிறுத்தி, மஞ்சள் துணியால் குடத்தின் வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

படியில் முன்னால் இருப்பவர் நின்றால் "ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டுவது நம்மவர் பழக்கம். விரதத்தில் இருக்கிறவருக்குத் தலைசுற்றல் வரும், மூச்சு வாங்கட்டும். அலகுக் காவடி திடீரென்று சுழலும், ஒரு காவடி அகலம் தள்ளி நில்லுங்கள். காவடிக்காரருக்கும் உறுமி மேளத்துக்கும் நடுவே புகாதீர்கள், தாளம்தான் அவரை நடத்துகிறது. முக்காலி தூக்கி வருகிறவருக்கும் வழி விடுங்கள். அவர் பின்தங்கினால் காவடிக்காரருக்கு உட்கார இடமில்லை. போட்டோவுக்காகப் பின்னோக்கி நடக்கிறவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது!

*

பினாங்கிலிருந்து. இங்கே ஆபத்து தேங்காய்ச் சிரட்டை. லெபு பினாங்கு தெருவில் உள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வாட்டர்ஃபால் ரோடுவரை வெள்ளி ரதத்துக்கு முன் குவியல் குவியலாக உடைப்பார்கள். உடைந்த விளிம்பு கத்திதான். கூட்டித் தள்ளும்வரை ஓரமாக நில்லுங்கள். மலைக்கோயிலுக்கு 513 படி, காலில் வெட்டோடு ஏற முடியாது. உடைக்கிறவர்களில் சீனர்கள் நிறைய. "நம்ம சாமி" என்று அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போவதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள், "சீனி கம்மியா" என்று கேட்க அது கடையில்லை. குடித்த கோப்பையை அங்கேயே பையில் போடுங்கள். ரோட்டில் போட்டால், சிரட்டையோடு அதையும் குனிந்து அள்ளுகிறவர் யாரோ ஒருவர்.