மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர்

சென்னையிலிருந்து:

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மூக்கடைப்பு அதற்கும் முன்பிருந்தே. "சளி உடம்பு" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர். ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்ததே இல்லை. போன வருடம் புதிதாகப் பார்த்த நுரையீரல் டாக்டர்தான், "தூங்கும்போது வாயாலா மூச்சு விடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஆமாம், காலையில் நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடக்கும்.

காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கின் வேலை. அது அடைத்துக்கொண்டால் மார்கழிக் குளிர் நேராக நெஞ்சுக்கு இறங்கும். அதோடு, மூக்கில் இருக்கிற அதே அலர்ஜி வீக்கம்தான் பலருக்கு மூச்சுக்குழாயிலும் இருக்கிறது என்றார்.

தினமும் அடிக்க ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தார். "ஸ்டீராய்டா!" என்று அம்மா பதறினார். மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். அடிக்கும் விதத்தை அங்கிருந்த நர்ஸ் காட்டினார். அண்ணாந்து அடிக்கக் கூடாது, லேசாகக் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, முனை காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாம். நிறையப் பேர் அதற்குள் விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதலில் தூக்கம்தான் சரியானது, அப்புறம் விடியற்காலை இருமல். தினசரி இன்ஹேலரை நிறுத்தவில்லை. அவசரத்துக்கு அடிக்கும் பஃப்தான் குறைந்தது. போகியன்று மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பேன். அந்தப் புகைக்கு எந்த ஸ்பிரேயும் ஈடு கொடுக்காது!

ஈரோட்டிலிருந்து:

எங்கள் மச்சான் கதை வேறு. பைக் சாவியை மறந்தாலும் மூக்குச் சொட்டு மருந்தை மறக்கமாட்டார். சைலோமெட்டாசோலின்; விட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கு திறந்துவிடும். அதை நாள்கணக்கில் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் முன்னைவிட மோசமாக அடைக்கும். 5 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று மெடிக்கலில் யாரும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஆரம்பித்துவிட்டு, சொட்டு மருந்தை முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். அந்த வாரம் வீட்டில் யாரும் அவரோடு பேச முடியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:

மூக்கில் சதை வளர்ந்து, வீசிங்கும் இருப்பவர்கள் வலி மாத்திரை விஷயத்தில் கவனமாக இருங்கள். என் பெரியப்பாவுக்கு மீன் குழம்பு கொதிக்கிற வாசனைகூடத் தெரியாது. பல்வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனோம். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் எல்லாம் அதே வகை. இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் சொல்கிறோம்.

சென்னை அக்கா, உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவலாமா? ஆவி பிடித்தால் எனக்கு இழுப்பு அதிகமாகிறது.

சென்னையிலிருந்து:

நான் தினமும் கழுவுகிறேன் தம்பி, ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே ஊற்றாதீர்கள். இழுப்பு வருகிறதென்றால் ஆவியை விட்டுவிடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.