மகனுக்கு 14 வயது. ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகளுக்கு இப்போதே அனுப்பலாமா?

தக்கலை அப்பா:

வணக்கம். என் மகனுக்குப் போன மாதம் 14 முடிந்தது. ஒன்பது வயதில் ராக்கெட் பிடித்தான், இப்போது ஐட்டா (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) 16 வயதுப் பிரிவில் ஆடுகிறான். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் போட்டிகளில் காலிறுதி, சில தடவை அரையிறுதி வரை வருகிறான். வெளி மாநிலத்துக்குப் போனால் இரண்டாவது ரவுண்டோடு ரயில் ஏறிவிடுகிறோம். தினமும் காலை நாலே முக்காலுக்கு எழுப்பி பைக்கில் நாகர்கோவில் கூட்டிப்போகிறேன், பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கு நேரத்தோடு திரும்ப வேண்டும், அவன் பின்னால் உட்கார்ந்தபடியே என் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், கூட ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் ஐடிஎஃப் ஜூனியர் பக்கம் போய்விட்டார்கள். 13 வயதிலிருந்தே ஆடலாம், இப்போதே ஜே30 (ஐடிஎஃப் ஜூனியரில் கீழ்ப்படிப் போட்டி) பாயிண்ட் எடுக்காவிட்டால் 18 வயதில் ஒன்றும் கையில் இருக்காது, பெரிய ஊர் அகாடமியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். மனைவிக்குப் பங்காக வந்த 20 சென்ட் ரப்பர் இருக்கிறது. அதை விற்றால் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஜூனியரிலிருந்து ப்ரொஃபஷனல் டூர் வரை வழி உண்மையில் எப்படிப் போகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேஸ்லைன் நாகர்கோவில்:

அண்ணாச்சி, நிலத்தை இப்போது விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 18 முதல் 21 வரை எம்15 போட்டிகள் (ஆண்கள் ப்ரொஃபஷனல் டென்னிஸின் கீழ்ப்படி) ஆடியவன், அதனால் கணக்கோடு சொல்கிறேன். ஜே30 போட்டியை ஜெயித்தால் 30 பாயிண்ட். ஜூனியர் ரேங்கிங்குக்கு ஒற்றையரில் சிறந்த ஆறு முடிவுகளைத்தான் எடுப்பார்கள், இரட்டையரில் சிறந்த ஆறு முடிவுகளின் பாயிண்டில் கால் பங்கு சேரும். ஆக, உங்கள் மகன் ஊர் ஊராக அலைந்து ஆறு ஜே30 ஜெயித்தாலும் ஒற்றையரில் 180 தான், ஒரே ஒரு பெரிய போட்டி, ஜே300, ஜெயித்த பையன் ஒரு வாரத்தில் 300 எடுத்துவிடுவான். டிரா (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) எங்கே லேசாக இருக்கிறது என்று தேடி விமானம் ஏறும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பாயிண்ட் வருகிறது, ஆட்டம் வளர்வதில்லை.

அந்த பாயிண்ட் எதுவும் ஏடிபி (ஆண்கள் ப்ரொஃபஷனல் டூர்) ரேங்கிங்கில் சேராது, அங்கே பூஜ்யத்திலிருந்துதான். ஒரு கதவு உண்டு, அதை மறைக்கக் கூடாது: ஐடிஎஃப் ஜூனியரில் முதல் 100-க்குள் இருந்தால் எம்15, எம்25 போட்டிகளில் ஜூனியர்களுக்கென்று ஒதுக்கிய இடம் கிடைக்கும், ஆண்டு முடிவில் முதல் 20-க்குள் இருந்தால் அதற்கு மேல்படியான சேலஞ்சர் போட்டிகளிலேயே இடம் தருகிறார்கள். அந்த உயரத்துக்குப் பக்கத்தில் வருகிற பையன் என்றால் ஜூனியரில் காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது. மற்ற எல்லாரும் எம்15 குவாலிஃபையிங்கில் (தகுதிச் சுற்றில்) நிற்க வேண்டியதுதான்.

அங்கே என்ன நடக்கும் என்றால், மெயின் டிராவில் 32 பேர். முதல் ரவுண்டில் தோற்றால் பாயிண்ட் கிடையாது, கையில் 156 டாலர். ஒரு மேட்ச் ஜெயித்தால்தான் ஒரு ஏடிபி பாயிண்ட். கோப்பையே வாங்கினாலும் 15 பாயிண்ட், 2,160 டாலர். விமானம், ஓட்டல், ஸ்ட்ரிங், சாப்பாடு எல்லாம் அதற்குள். சுமித் நாகல் 2023-ல் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்தபோதே வங்கியில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார், வருடத்துக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை செலவாகிறது என்றும் சொன்னார். அடுத்த வருடம் ஜூலையில் உலக ரேங்கிங்கில் 68 வரை வந்தார். அந்த நேரத்தில் உதவி கிடைக்காமல் நின்றிருந்தால் அந்த 68 இல்லை.

என் கதை இதுதான். எங்கள் வீட்டில் 14, 15 வயதில் என்னை ஜூனியர் போட்டிகளுக்கு அனுப்பியே இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டார்கள். 20 வயதில் என் சர்வ் கடைசியில் சரியாக விழ ஆரம்பித்தது, மூன்று ஏடிபி பாயிண்ட் எடுத்தேன், அடுத்த நாலு வாரப் பயணத்துக்குக் காசு இல்லை. அப்பாவிடம் கேட்கவும் மனசு வரவில்லை. காசு வேண்டியது 18-க்கு மேல், அண்ணாச்சி. அதுவரை அந்த ரப்பர் நிற்கட்டும்.

மார்த்தாண்டம் அம்மா:

அகாடமி பற்றி மட்டும் சொல்கிறேன். என் மகளை 14 வயதில் வெளியூர் அகாடமி ஒன்றில் விட்டோம். காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், வார இறுதியில் போட்டி. முதுகு வலி என்று போனில் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அங்கே அது தசைப்பிடிப்பு என்று ஸ்ப்ரே அடித்து ஆடவிட்டார்கள். ஊருக்கு வந்தபோது நான் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் அழுத்த முறிவு. வளர்கிற வயதில் சர்வ் அதிகம் போடும் பிள்ளைகளுக்கு இது வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். எட்டு மாதம் ராக்கெட்டைத் தொடவில்லை.

பிள்ளை வலி என்று சொன்னால் அன்றே நிறுத்துங்கள். எந்த அகாடமி என்றாலும் ஃபிட்னஸ் பார்ப்பவர் யார், ஒரு நாளைக்கு எத்தனை சர்வ் போடவிடுகிறார்கள், ஓய்வு நாள் எது, இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோர்ட் எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், நாங்கள் அதைப் பார்த்துத்தான் சேர்த்தோம். இப்போது மகள் மறுபடி ஆடுகிறாள், வீட்டிலிருந்து. பள்ளியைத் தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றினோம், அதனால் காலை நேரம் கிடைத்தது.

வடசேரி கோச்:

இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் வெளியே போகவே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது, அது இன்னொரு தப்பு. நம் மாவட்டத்தில் உங்கள் மகனை வாரத்துக்கு நாலு நாள் தோற்கடிக்க ஆள் இல்லை, அதுதான் உண்மையான குறை. வளரும் பையனுக்குத் தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடித் தோற்பது சோறு மாதிரி. எழுபது கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது, சனி ஞாயிறு அங்கே போய் காலேஜ் பையன்களோடு, ஆண்கள் பிரிவு ஆடுபவர்களோடு மேட்ச் போடுங்கள். விடுமுறையில் சென்னையிலோ கோவையிலோ ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். ஐட்டா 18 வயதுப் பிரிவிலும் ஆண்கள் போட்டியிலும் குவாலிஃபையிங் ஆடட்டும். வருடத்துக்கு மூன்று நாலு ஜே30, அதுவும் இந்தியாவில் நடப்பது, ரயிலில் போய்வரக்கூடியது என்றால் ஆடலாம். நிலை தெரியும்.

ஜூனியர் ரேங்கிங் பற்றிப் பயப்பட வேண்டாம். யானிக் சின்னரின் ஜூனியர் ரேங்கிங் 133-க்கு மேல் போகவே இல்லை, 17 வயதில் பெர்கமோவில் சேலஞ்சர் ஜெயித்தார், 2024-ல் உலக முதலிடம். நம் பக்கத்தில் மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் வழியாக வளர்ந்தவர், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே ஜெயித்தார், அப்புறம் அதே தொடரில் சுமித் நாகல் வீழ்த்திய ஹென்றி பெர்னெட் அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் சாம்பியன். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்து 29 வயதில் முதல் 100-க்குள் வந்தார். மறுபக்கமும் இருக்கிறது, யூகி பாம்ப்ரி 2009-ல் ஆஸ்திரேலிய ஜூனியர் பட்டம் வாங்கி ஜூனியர் உலக முதலிடத்தில் இருந்தவர், ஒற்றையரில் 83 வரைதான், அதற்கே 2018 ஆனது. அவ்வளவு காலம் தாங்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி வழியைப் பத்தாம் வகுப்பிலேயே யோசியுங்கள். படிப்பு மார்க் வேண்டும், யுடிஆர் (ஆட்டத் திறனைக் காட்டும் மதிப்பீடு) எண் வேண்டும், எல்லாருக்கும் முழு உதவித்தொகை கிடைக்காது. பரிசுப் பணம் வாங்குவதற்கு விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன, அதைக் கல்லூரியிடமே நேரடியாகக் கேளுங்கள். அரசுப் பக்கம் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு ரிசல்ட் எல்லாம் தேதியோடு கோப்பில் இருக்க வேண்டும், இன்றே சேர்க்க ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும்போது பயிற்சியை நிறுத்தாதீர்கள். சர்வுக்கு மேலே எறியும் டாஸ் எங்கே போகிறது, கால் எப்படிச் சின்ன அடி வைக்கிறது என்பதையெல்லாம் அந்தக் காற்று சொல்லிக்கொடுக்கும். இதே நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார், 1960-லும் 61-லும் அரையிறுதி ஆடினார். பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

தக்கலை அப்பா:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு தடவை வாசித்தேன், மனைவியையும் வாசிக்கச் சொன்னேன். நிலத்தை விற்கவில்லை. மகனிடம் கேட்டேன், அகாடமிக்குப் போகணுமா என்று. ஜெயிக்கிற அண்ணன்மாரோடு ஆடணும், அது போதும் என்றான். ஒரு சந்தேகம், போன வாரம் தோள்பட்டை இழுக்கிறது என்றான், மறுநாள் சரியாகிவிட்டது என்றும் சொன்னான். பார்க்க வேண்டுமா?

மார்த்தாண்டம் அம்மா:

பாருங்கள் அண்ணா. எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள், விளையாட்டுக் காயம் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. டாக்டர் சொல்லும்வரை சர்வ் வேண்டாம், தரையில் அடிக்கும் ஷாட் கூட அவர் சரி என்றால் மட்டும்.

பேஸ்லைன் நாகர்கோவில்:

டாக்டர் சரி என்று சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள், காலை ஆறு மணிக்கு நான் கோர்ட்டில் இருப்பேன். இரண்டு செட் ஆடலாம். பந்து நான் கொண்டுவருகிறேன்.