காலனிய ஆட்சியில் மாயா வைத்தியம்: நேரில் கண்டவையும் படித்தறிந்தவையும்

முதற்பதிவு

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்துக்குச் சென்றிருந்தபோது, மெரிடா நகருக்குத் தெற்கே மனீ என்னும் சிற்றூரில் ஒரு நாள் தங்கினேன். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய பிரான்சிஸ்கன் (கத்தோலிக்கத் துறவியர் சபை) மடம் ஒன்று அங்கே நிற்கிறது. 1562ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியத் துறவி, இப்பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்களின் தெய்வ உருவங்களையும் மரப்பட்டைத் தாளில் எழுதப்பட்ட அவர்களுடைய சுவடிகளையும் தீக்கிரையாக்கியது இந்த ஊரில்தான். அவரே பின்னர் யுகடானைப் பற்றி எழுதிய நூலில், மாயா வைத்தியர்கள் தம் நாட்காட்டியின் ‘ஸிப்’ மாதத்தில் ஒரு வீட்டில் கூடி, மருந்து முடிச்சுகளைப் பிரித்து, குறி பார்க்கும் சிறு கற்களையும் இஷ் செல் என்னும் மருத்துவ தெய்வத்தின் உருவங்களையும் பரப்பி விழா எடுத்ததைக் குறித்திருக்கிறார். எரித்தவர் எழுதி வைத்ததைக் கொண்டே எரிந்தவர்களின் வழக்கத்தை அறிய வேண்டியிருப்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

அருகிலிருந்த ஊரில் ‘ஹ்-மென்’ எனப்படும் வைத்தியர் ஒருவர், காய்ச்சலில் கிடந்த சிறுவன்மீது ‘சிப்சே’ என்ற செடியின் தழையை வீசி, மாயா மொழியில் முணுமுணுத்தவாறு ‘கெட்ட காற்றை’ இறக்குவதைக் காண வாய்த்தது. முணுமுணுப்புக்கு நடுவே கிறித்தவப் புனிதர்களின் பெயர்கள் கேட்டன. முற்றத்தில் நம் ஊர் அருவதாச் செடி வளர்ந்திருந்தது. அது ஐரோப்பியர் கொண்டுவந்த செடி என்பதை அவர் அறிவாரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி

காற்று என்று தாங்கள் குறிப்பிட்டது என் ஆய்வுக் காலத்தை நினைவூட்டியது. ‘பகாப்களின் சடங்கு’ (பகாப்கள் வானத்தைத் தாங்கும் மாயா தெய்வங்கள்) என்று பெயரிடப்பட்டுள்ள மாயா மொழிக் கையெழுத்துப் படியைப் பல மாதங்கள் படித்தேன். நோய் தீர்க்கும் மந்திரங்கள் நாற்பதுக்கு மேல் அதில் உள்ளன. வலிப்பையும் வெறியையும் காற்றாகவே கருதி, பஞ்சவர்ணக்கிளி, சிறுத்தை என்று அவற்றுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். வைத்தியர் நோயை எதிரே நிறுத்தி, அதன் தாய் யார், தந்தை யார், எந்த நாளில் அது பிறந்தது என்று பூர்வீகத்தை எடுத்துரைத்த பிறகே அதை விரட்டுகிறார். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என நான்கு நிறங்களும் நான்கு திசைகளோடு இணைந்து திரும்பத் திரும்ப வருகின்றன.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் தாள். 1779ஆம் ஆண்டு தேதியிட்டு ஸ்பானிய மொழியில் அச்சான திருச்சபைப் பாவமன்னிப்புச் சீட்டு ஒன்றின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறார்கள். எழுத்தோ, மறைக்கல்விக்காகத் துறவிகள் கற்பித்த லத்தீன் எழுத்து.

ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் 1571இல் பழங்குடியினரை இன்க்விசிஷன் என்னும் திருச்சபையின் மதத்துரோக விசாரணையிலிருந்து விலக்கினார் என்பது உண்மையே. ஆயினும் மந்திரம் சொன்ன வைத்தியர்களை ஆயர்களின் நீதிமன்றங்கள் தொடர்ந்து விசாரித்துத் தண்டித்தன. அதே மன்னரின் அலுவலகம் 1577இல் அனுப்பிய 50 வினாக்கள் கொண்ட பட்டியல், இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடியினரை ஸ்பானியர் அப்படித்தான் அழைத்தனர்) எந்த மூலிகைகளால் நோய் தீர்க்கிறார்கள் என்றும் கேட்டது. யுகடானிலிருந்து விடைகளும் சென்றன. மூலிகையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு சொல்லை ஒழித்துவிடலாம் என்று எண்ணினார்கள் போலும். நான் படித்த படியில் மூலிகையின் பெயர் மந்திரத்துக்குள்ளேயே வருகிறது. பிரித்தால் இரண்டுமே கெடும்.

மற்றொரு மறுமொழி

நான் மருத்துவர், குவாத்தமாலாவில் சில காலம் பணியாற்றினேன். அங்கே ஸ்பானியப் படையெடுப்புக்கு முன்பே நோய் வந்துவிட்டது. ஸ்பானியத் தளபதி அல்வராதோவின் படை 1524இல்தான் நுழைந்தது. ஆனால் 1520ஆம் ஆண்டையொட்டிப் பரவிய கொள்ளைநோயில் தம் அரசர்களும் மாண்டதைக் மாயா இனத்தின் ஒரு பிரிவினரான கக்சிகேல் மக்களின் வரலாற்று ஏடு பதிவு செய்திருக்கிறது.

மருந்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ள முயன்றதாக மேலே நண்பர் எழுதியதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். ஹோசே ஃபிளோரெஸ் என்ற குவாத்தமாலா மருத்துவர் 1782இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சான் ஹுவான் அமாதித்லான் ஊர் இந்தியர்கள் பல்லி வகை ஒன்றைப் பச்சையாக உண்டு புண்களை ஆற்றிக்கொண்டதைக் கேட்டறிந்து, அதைப் புற்றுநோய்க்கான மருந்தென்று அறிவித்தார். ஐரோப்பாவிலும் அந்நூலுக்கு வரவேற்பு இருந்தது. பல்லியால் புற்று தீராது என்பது வேறு விஷயம்.

நீராவிக் குளியலுக்கு அத்தகைய மரியாதை கிட்டவில்லை. கொள்ளைநோய்க் காலங்களில் அதிகாரிகள் அதைத் தடுக்க முயன்றனர். ஆனாலும் மொமொஸ்தெனாங்கோ பக்கத்தில் ‘துஹ்’ என்னும் அந்தத் தாழ்ந்த மண் அறைகள் வீட்டுக்கொல்லைகளில் இன்றும் புகைந்துகொண்டிருக்கின்றன. மகப்பேறு முடிந்த பெண்ணை அதனுள் அமர்த்தி மருத்துவச்சி வயிற்றை நீவிவிடுவார். அப்படிப்பட்ட மூதாட்டி ஒருவரிடம் என் முதுகுவலியைச் சொன்னேன். எந்த நாளில் பிறந்தாய் என்று கேட்டார். தேதியும் மாதமும் ஆண்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மாயா நாட்காட்டியின் 260 நாள் கணக்கு அறிந்த தம் மருமகனைக் கூப்பிட்டார்.