மறு: கூடாரத்தின் உண்மையான சுமைக்கு என்ன சொல்? "தோளெடை" சரியாக வரும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நடைப்பயணத்தில் கூடாரத்துக்காக நாம் உண்மையில் சுமக்கும் மொத்த எடைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்; ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> "நிகர எடை" என்றே சொல்லிவிடலாமே, ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே?

அது புழங்குவதுதான் சிக்கல். எங்கள் மன்னார்குடிப் பக்கம் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோன யாரைக் கேட்டாலும், நிகர எடை என்றால் சாக்கைக் கழித்த எடை என்பார்கள். நாம் பெயர் தேடுவது சாக்கையும் சேர்த்த எடைக்கு. நேர் எதிர்ப் பொருளில் ஊன்றிப்போன சொல்லை இங்கே இழுத்து வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அமெரிக்கக் கூடார நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு எண்கள் தருகின்றன. ஒன்று, உட்கூடாரம், மேல்விரிப்பு, கம்பிகள் மட்டும் சேர்ந்த குறைந்தபட்ச எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். மற்றொன்று, வாங்கும்போது பைக்குள் இருக்கும் எல்லாம் சேர்ந்த எடை. முதல் எண்ணில் முளைகள் இல்லை, இழுகயிறு இல்லை, உறைப்பைகள் இல்லை. தனியாக வாங்கும் தரைவிரிப்பு இரண்டிலுமே சேராது. முளை அடிக்காமல் எந்தக் கூடாரம் காற்றில் நிற்கும்?

என் கூடாரத்தைத் தம்பியின் மளிகைக் கடைத் தராசில் பிரித்துப் பிரித்து நிறுத்தேன். உட்கூடாரம், மேல்விரிப்பு, கம்பி சேர்த்து 1,120 கிராம். அட்டையில் போட்டிருந்ததும் ஏறத்தாழ அதுவே. முளைகள் 10, ஒவ்வொன்றும் 14 கிராம். கயிறு 45, பைகள் 60, தரைவிரிப்பு 190. மொத்தம் 1,555. அதாவது 435 கிராம் கணக்கிலேயே வரவில்லை. கிட்டத்தட்ட அரைக் கிலோ அரிசி.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மார்கழியில் கொள்ளிடக் கரையோரம் ஒரு தென்னந்தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு தங்கினோம். விடியற்காலையில் மேல்விரிப்பின் வெளிப்புறம் பனி கோத்து நின்றது, உட்புறம் எங்கள் மூச்சு நீராகிச் சொட்டியது. விரலால் கோடு போட்டால் நீர் ஓடி முழங்கை வரை வந்தது. உதறி, துணியால் துடைத்து, மடித்துத் தொங்கு தராசில் மாட்டினால் 1,870. அடியில் ஒட்டிய வண்டல் உட்பட. வெயில் ஏறும்வரை காத்திருக்க நேரமில்லை, அப்படியே சுமந்தோம்.

நைலான் நீரைக் கொஞ்சம் குடிக்கும், குடித்தால் தளரும். இரவில் எழுந்து கயிற்றை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அந்த அளவுக்குக் குடிக்காது. டைனீமா என்ற வலுவான செயற்கை இழையை மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டிய துணி குடிப்பதே இல்லை. ஆனால் மேலே ஒட்டும் பனி எந்தத் துணியையும் விடாது. நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பு வைத்து, மழை பெய்தால் தளர்வு கேட்டுப் போராடும் ஊர் எங்களுடையது. ஈரத்துக்கும் எடை உண்டு என்று யாரும் இங்கே வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை.

"மெய்யெடை" என்ற பரிந்துரை எனக்கும் முதலில் பிடித்தது, ஓசை அழகு. ஆனால் மெய் என்றால் உடம்பும்தான். "மெய்யெடை குறைய வேண்டும்" என்று எழுதினால் படிப்பவர் உணவுக் கட்டுப்பாட்டை நினைப்பார். "சுமையெடை" தவறில்லை, சொன்னதையே சொல்வது போல இருக்கிறது.

அதனால்தான் தோளெடை. விடு விடையானது போல, பூவைத் தொடுக்கும் தொடு மாலையைக் குறிக்கும் தொடையானது போல, எடு என்பதிலிருந்து வந்தது எடை. தூக்குகிறவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். தோளைச் சேர்த்தால் எங்கே அழுத்துகிறது என்பதும் தெரிந்துவிடும். புணர்ச்சியிலும் இடறல் இல்லை. வரையறை இப்படி இருக்கலாம்: அந்த ஒரு நடைக்குக் கூடாரத்துக்கென்று தோளில் ஏறுகிற எல்லாம் சேர்ந்த எடை. நனைந்தபின் நிறுத்ததை "ஈரத் தோளெடை" என்று பிரித்துச் சொல்லலாம். நிறுவனம் தரும் எண்ணுக்கு "அட்டை எடை" போதும்; அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

கைத்தடியையே கம்பியாக நட்டு நிறுத்தும் கூடாரங்களைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருந்தார். தடியின் எடையை அட்டை எடையில் சேர்க்க மாட்டார்கள், எப்படியும் கையில் வைத்திருப்பீர்கள் என்பது வாதம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறவருக்கு அது நியாயம். அவர் தடியை ஊன்றித்தான் ஏறுகிறார். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நடக்கிறவருக்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. இங்கே தடியைக் கொண்டுபோவது கூடாரத்துக்காக மட்டுமே. ஆகவே டெல்டாவில் அது தோளெடையில் சேரும், கொடைக்கானலில் சேராது. வரையறையில் "அந்த ஒரு நடைக்கு" என்று போட்டது இதற்காகத்தான். அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.