கொட்டகை கான்டெசா: இரும்புக்குப் போடறதா, எடுத்துக் கட்டறதா

குழு: நம்ம வீடு, திருத்துறைப்பூண்டி

ஞாயிறு

கார்த்தி, காலை 7:40
எல்லாருக்கும் வணக்கம். கொட்டகையில நிக்கற நம்ம கான்டெசா கார் விஷயத்தை இந்த வாரம் முடிவு பண்ணிடலாம். 1992 மாடல், 1.8 ஜிஎல், பெட்ரோல். 2016க்கு அப்புறம் ஓடல. பழைய இரும்புக்காரர் 32,000க்கு எடுத்துக்கறேங்கறார். மன்னார்குடி பெயின்டர் துருவைத் தேச்சு, பட்டி (பள்ளத்தை நிரப்புற பசை) பாத்து, பெயின்ட் அடிச்சு 70,000ல முடிச்சுத் தர்றேங்கறார்.

அப்பா, 7:52
இரும்புக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனா செலவு எங்க போய் நிக்கும்னு தெரியாம இறங்க வேணாம்.

நாகை சித்தப்பா, 7:58
அண்ணன் சொல்றது சரி. கார்த்தி, பெயின்டர்கிட்ட இப்ப ஒண்ணும் ஒத்துக்காத. லாரி, ஜீப்புக்கு சேசிஸ் (பாரம் தாங்கற அடிச்சட்டம்) தனி, பாடி தனி. கான்டெசாவுக்குப் பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற சில் பெட்டி, முன்னாடி இன்ஜினைத் தாங்குற ரெண்டு நீளப் பெட்டி, பின்னாடி காயில் ஸ்பிரிங் உக்கார்ற இடம்: பாரம் முழுக்க இந்த மூணுலதான் இறங்குது. பானட், டிக்கி, மட்கார்டுல ஓட்டை இருந்தா அது தகடு வேலை, பயப்பட வேணாம். இந்த மூணுல போயிருந்தா கணக்கே வேற. பட்டி அடிச்சா அந்த மூணும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

குடந்தை மாமா, 8:05
மச்சான் சொல்றதை அப்படியே கேளு மாப்ள. இன்ஜினுக்கு வழி இருக்கு. இதுல இருக்கறது 1817 சிசி இசுசு கம்பெனி இன்ஜின். அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட் மாடல்லயும் அதேதான் போட்டாங்க. ரிங், பேரிங், கேஸ்கெட் அந்த வண்டிக் கணக்குல தேடிக்கலாம். கான்டெசா உற்பத்தி 2002ல நின்னுபோச்சு, பாடி பார்ட் புதுசா வராது. அதனால முதல்ல பாடியைப் பாரு.

கார்த்தி, 8:07
எப்படிப் பாக்கணும் சித்தப்பா?

நாகை சித்தப்பா, 8:21
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிசுத் துணியில சுத்திக்க. சில் பெட்டி முழுக்க, கதவு அடி, சக்கர வளைவு, முன் கண்ணாடிக்குக் கீழ எல்லாம் வெச்சுப் பாரு. பிடிக்காம நழுவினா அங்க பட்டி. பிடிக்குதுன்னா தகடு இருக்கு, ஆனா எவ்வளவு தடிமன்னு காந்தம் சொல்லாது. அதுக்கு ஸ்க்ரூ டிரைவர். நுனியை வெச்சு நல்லா அழுத்து. நல்ல தகடுன்னா கீறல் விழும், அவ்வளவுதான். போன தகடுன்னா உள்ள இறங்கும்.

அப்புறம் சீட்டுக்குக் கீழ கார்பெட்டைத் தூக்கு. அடியில ஃபெல்ட் (கம்பளி விரிப்பு) ஈரமா இருந்தா அதை எடுத்து வெளிய போட்டுட்டு பிளாட்ஃபாரத்தை, அதாவது தரைத் தகட்டை, சுத்தியல் கட்டையால தட்டு. கணீர்னு வரணும். மொத்துனு வந்தா அங்க குத்திப் பாரு. டிக்கியில ஸ்டெப்னி பள்ளத்தையும் பாரு.

முன் கதவை மூடி இடுக்கை மேலயும் கீழயும் அள. ரெண்டும் ஒரே அளவா இருந்தா பாடி இறங்கல. கதவு பூட்டுல வந்து இடிச்சுத் தூக்கி மூட வேண்டியிருந்தா சில் தளர்ந்திருக்குன்னு அர்த்தம். கீல் பின் தேஞ்சாலும் அப்படி ஆகும், அதனால கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாத்துட்டுச் சொல்லு.

ஜாக்கியை மட்டும் சில்லுக்கடியில கொடுக்காத. அழுகியிருந்தா உள்ள போயி வண்டி உன் மேல வரும். கீழ பாக்கணும்னா ஆக்சிலுக்கடியில ஜாக்கி போட்டு, மரக்கட்டை அடை கொடுத்துட்டு அப்புறம் குனி.

குடந்தை மாமா, 8:24
சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் அடிக்கவே கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவர்ல துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், அடிச்சா ரிங் உடையும். நாலு பிளக்கையும் கழட்டிட்டு டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேடிக் கியர் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து, சிலிண்டருக்கு 30 மில்லி ஊத்து. நாலு நாள் ஊறட்டும். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டுல சாக்கெட்டும் நீளமான பாரும் போட்டு முன்னயும் பின்னயும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாக்கலாம். ஒரே பக்கமா முரட்டுத்தனமா இழுக்காத.

கார்த்தி, 11:35
பாத்துட்டேன்.
வலது சில்: காந்தம் முழுக்கப் பிடிக்குது, ஸ்க்ரூ டிரைவர் இறங்கல.
இடது சில்: முன் சக்கரத்துக்குப் பின்னாடி ஆரம்பிச்சு 65 செ.மீ. நீளத்துக்குக் காந்தம் பிடிக்கல. குத்தினதும் பட்டி பெயர்ந்து உள்ள கை போற அளவு ஓட்டை.
இடது முன் பிளாட்ஃபாரம்: கால் வைக்கிற இடத்துல ரெண்டு ஓட்டை, உள்ளங்கை அளவு.
ஸ்டெப்னி பள்ளம்: சல்லடைக் கண்ணா ஓட்டை.
இடது முன் கதவு இடுக்கு: மேல 5 மி.மீ., கீழ 5 மி.மீ. கீல்ல ஆட்டம் இல்லை.
முன் பெட்டி ரெண்டும் துருப் பொடி உதிருது, ஆனா குத்தினா இறங்கல.
பின் ஸ்பிரிங் உக்கார்ற இடம் இடது பக்கம் ஏடு ஏடா உரியுது. இதுதான் பயமா இருக்கு. படம் அனுப்பிருக்கேன்.

அம்மா, 11:41
அந்த இடது பக்கம்தானே உர மூட்டை அடுக்கியிருந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவரும் அந்தப் பக்கம்தான்.

நாகை சித்தப்பா, 11:50
அண்ணி சரியாப் பிடிச்சுட்டாங்க. பொட்டாஷ்னு நாம போடறது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். மூட்டையில இருந்து கசிஞ்ச தூள் காத்து ஈரத்தை இழுத்துத் தகட்டுல ஒட்டிக்கும். குளோரைடு இருக்கற இடத்துல துரு நிக்காம உள்ள போயிட்டே இருக்கும். மாட்டுக் கோமியத்துலயும் உப்பும் அமோனியாவும் இருக்கு. அதோட மண் தரை. ஐப்பசி, கார்த்திகையில கீழ இருந்து ஏறுற ஈரம் வண்டி அடியிலயே தங்கும். தார்ப்பாயை இறுக்கி மூடியிருந்தா இன்னும் மோசம், உள்ளயே வேர்த்து ஊத்தும்.

இன்னிக்கே மூட்டையை வேற இடத்துக்கு மாத்துங்க. தார்ப்பாயை எடுத்துட்டு அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணியை அடிச்சுக் கழுவுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா வேணாம், குடிதண்ணி. உப்பு கரைஞ்சு போகலைன்னா மேல எந்தத் துரு கன்வெர்ட்டர் மருந்து தடவினாலும் நிக்காது.

அந்த ஸ்பிரிங் இடத்துல கம்பி பிரஷ் போட்டு ஏட்டையெல்லாம் உரிச்சுட்டு, சென்டர் பஞ்ச்னு சொல்ற கூர்முனைக் கம்பியால அங்கங்க ஒரு தட்டு தட்டு. துளை விழலைன்னா பிழைச்சோம்.

கார்த்தி, மாலை 5:20
உரிச்சாச்சு சித்தப்பா. ஏழெட்டு இடத்துல பஞ்ச் வெச்சேன். எங்கயும் துளை விழல. குழி குழியா இருக்கு, அவ்வளவுதான்.

நாகை சித்தப்பா, 5:26
அப்ப எடுத்துக் கட்டலாம். அது போயிருந்தா இரும்புக்காரரைக் கூப்பிடுன்னு நானே சொல்லியிருப்பேன். இடது சில்லும் பிளாட்ஃபாரமும் செய்யக்கூடிய வேலைதான். கதவு இடுக்கு சமமா இருக்கறது பெரிய நல்ல சேதி.

மலர் அக்கா, 5:40
தகட்டை வெட்டறதுக்கு முன்னாடி பேப்பர். ஆர்சியை (வண்டிப் பதிவுச் சான்று) எடுத்துப் பாத்தேன். 2007ல 15 வருஷம் முடிஞ்சு ரெண்டு தடவை புதுப்பிச்சிருக்கு, 2017ல காலாவதி. படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டின காருக்குக் கட்டணம் 10,000. தாமதத்துக்கு மாசம் 500ன்னு தனியா இருக்கு, பசுமை வரியும் உண்டு. திருவாரூர் ஆர்டிஓ ஆபீஸ்ல மொத்தக் கணக்கை எழுதி வாங்கிட்டுத்தான் அடுத்தது. தாமதக் கட்டணம் மட்டுமே ஒரு பெயின்ட் வேலை அளவுக்கு வரலாம்.

விண்டேஜ்னு பதிவு பண்ணலாமேன்னு யாரும் யோசிக்க வேணாம். 2021 விதியில அதுக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும். கார்த்தி, சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் மேல பேப்பர் வெச்சுத் தேச்சுப் பென்சில் பிரின்ட் எடுத்து ஆர்சியோட ஒத்துப் பாரு. சேசிஸ் நம்பர் துருவுல அழிஞ்சிருந்தா முதல்ல எனக்குச் சொல்லு. அந்த இடத்துல யாரும் தகடு அறுக்கற கிரைண்டர் வைக்கக் கூடாது.

கார்த்தி, 6:15
ரெண்டு நம்பரும் ஒத்துப்போகுது அக்கா. தெளிவாவும் இருக்கு.

வியாழன்

குடந்தை மாமா, மாலை 4:30
இங்கதான் நிக்கறேன் அத்தான். ஒட்டியிருந்த இன்ஜின் இளகிடுச்சு. கையால முழுச் சுத்து வருது. நல்ல பேட்டரி வெச்சு, பிளக் இல்லாம, திராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாத்தேன். 1, 2, 4 சிலிண்டர் மூணும் 135 பிஎஸ்ஐ பக்கம். மூணாவது 85. அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுப் பாத்தா 90 தான். ஆயில் விட்டும் ஏறலைன்னா ரிங் இல்லை, வால்வு. ஹெட்டை (இன்ஜினோட மேல்பகுதி) மட்டும் இறக்கி வால்வு கிரைண்டிங் பண்ணா போதும், சிலிண்டரைக் கடைய வேண்டிய நிலை இல்லை.

பெட்ரோல் டேங்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும், உள்ள துரு. பெட்ரோல் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கிட், பம்ப் டயாஃப்ரம் மூணையும் கண்டிப்பா மாத்தணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கற ஹோஸ்னு கேட்டு வாங்கணும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் பைப், ஹோஸ் எல்லாம் புதுசு. டயர் நாலும் புதுசு, பழசுல பட்டன் (ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் சரி. வயரிங்கை எலி கடிச்சு வெச்சிருக்கு, புதுக் கட்டுதான்.

அப்பா, 4:38
தகடு வேலை எப்படி நடக்கும் தம்பி? பாதியில கோணிப் போயிடாதே?

நாகை சித்தப்பா, 4:59
அதைத்தான் எழுதணும்னு இருந்தேன் அண்ணே. வெட்டறதுக்கு முன்னாடி வண்டியைச் சமதரையில நாலு ஸ்டாண்டுல நிறுத்தணும், முன்னாடி கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), பின்னாடி ஆக்சில். கதவைக் கழட்டி, கதவு வாசல்ல ஒரு இன்ச் சதுரக் குழாயைக் குறுக்கயும் மூலைக்கு மூலையும் டேக் (பொட்டு வெல்டு) அடிக்கணும். மூலைவிட்டத்தை அளந்து எழுதி வெச்சுட்டுத்தான் கிரைண்டர். சில்லைக் கட்டாம வெட்டினா பாடி நடுவுல தொங்கிடும். அப்படியே புதுத் தகட்டை வெல்டு பண்ணிட்டா அப்புறம் கதவு என்னிக்கும் மூடாது.

வெளித்தகடு மட்டும் போட்டு ஏமாத்தற வேலை நிறைய நடக்குது. உள்தகடும் போயிருந்தா அதையும் மாத்தணும். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும், துரு மேல வெல்டு பிடிக்காது. சில்லுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. சிஆர் (கோல்டு ரோல்டு) தகடு. 8×4 சீட் ஒண்ணு 28 கிலோ வரும், பிளாட்ஃபாரம், ஸ்டெப்னி பள்ளத்துக்கும் சேர்த்து அது போதும். கூரைக்குப் போட்ட கால்வனைஸ் தகடு மிச்சம் கிடக்குன்னு எடுத்துக் கொடுத்துடாதீங்க. துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது, வெல்டும் பொத்தல் பொத்தலா வரும்.

கேஸ் வெல்டிங் வேணாம், சூடு பரவித் தகடு நெளியும். கோ2 (கார்பன் டைஆக்சைடு) வெல்டிங் மெஷின், 0.8 மி.மீ. கம்பி. ஒரே ஓட்டமா இழுக்காம ஒரு இன்ச் அடிச்சுட்டுத் தள்ளிப் போயி அடுத்த இன்ச் அடிக்கணும். தகடு மேல தகடு ஏறாம விளிம்புக்கு விளிம்பு சேரணும், ஏறினா நடுவுல தண்ணி நிக்கும். தேச்ச தகட்டுல அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எபாக்சி பிரைமர் ஏறிடணும். இணைப்புல சீலன்ட். பட்டி அந்த பிரைமருக்கு மேலதான், 3 மி.மீ.க்கு உள்ள. பட்டி தண்ணியை உறிஞ்சும், உர உப்போட, அதை நேராத் தகட்டுல பூசினதாலயும்தான் இந்த சில் போச்சு. கடைசியா பெட்டிக்குள்ள மெழுகு ஸ்பிரே. அடியில இருக்கற வடிகால் துளையை யாரும் அடைக்கக் கூடாது.

மலர் அக்கா, 5:10
மொத்தம் எவ்வளவு?

நாகை சித்தப்பா, 5:18
தகடு வேலை கூலியோட 95,000.

குடந்தை மாமா, 5:20
ஹெட், கார்புரேட்டர், டேங்க் 40,000. பிரேக், டயர், வயரிங் 75,000. நல்ல பெயின்ட் 90,000. மொத்தம் மூணு லட்சம், ஆர்டிஓ தனி. வித்து லாபம் பாக்கணும்னா இது வேலைக்கு ஆகாது, போட்ட காசு திரும்பாது. வீட்டுலயே வெச்சு ஓட்டறதுன்னா வண்டி தகுதியான வண்டிதான்.

அப்பா, 5:27
விக்கறதுக்கு இல்ல. மூணு லட்சத்துக்கு மேல ஒரு ரூபா போகக் கூடாது. பெயின்ட் கடைசியில, கையில இருந்தா.

நாகை சித்தப்பா, 5:31
சரிண்ணே. மழை மாசத்துல தகட்டைத் திறக்க வேணாம், காலையில தேச்சா மத்தியானமே செம்மண் நிறம் ஏறும். இப்ப சீட், கார்பெட், டேங்க் மட்டும் கழட்டட்டும். தை பொறந்ததும் வண்டியை நாகைக்கு ஏத்திடலாம். முதல் வேலையா ரெண்டு முன் மட்கார்டையும் கழட்டுவேன், நீளப் பெட்டியோட மேல்பக்கம் அப்பத்தான் தெரியும். அங்க இறங்கியிருந்தா அன்னிக்கே சொல்லிடறேன், அதோட நிறுத்திக்கலாம்.

மலர் அக்கா, 5:34
திங்கக்கிழமை ஆர்டிஓ போயி கணக்கு வாங்கறேன்.

குடந்தை மாமா, 5:36
மாப்ள, ஏத்தறப்ப பம்பர்ல கயிறு கட்ட விடாத. பின்னாடி ஆக்சில், முன்னாடி கிராஸ் மெம்பர், அங்கதான் பெல்ட். கழட்டற போல்ட்டை எல்லாம் பாட்டில் பாட்டிலாப் போட்டு எந்த இடம்னு எழுதி ஒட்டு.

கார்த்தி, 5:37
சரி மாமா. நாளைக்கு சீட்ல இருந்து ஆரம்பிக்கறேன்.